கண்ட்ரோல், அப்புறம் எஸ்

கண்ட்ரோல் விசையை அழுத்தியதும் கம்ப்யூட்டர் 'பிப்' என்றது. சின்னச் சத்தம்தான். வெளியே கம்பம் மெயின் ரோட்டில் குமுளிக்கும் கட்டப்பனைக்கும் ஆள் கூப்பிடுகிற ஜீப்புக்காரர்களின் கூச்சலில் வேறு யாருக்கும் அது காதில் விழுந்திருக்காது. சசிதரனுக்கு விழுந்தது. சித்திரையில், வீரபாண்டித் திருவிழா நெருங்கிய சமயத்தில் அந்தச் சத்தத்தை நிறுத்தியவனே அவன்தான்.

யூபிஎஸ்ஸாக இருக்கும் என்று முதலில் நினைத்தான். அந்த ஆனி மாதம் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. கேரளப் பக்கமிருந்து இறங்கிய சாரல் விடாமல் ஷட்டர் தகரத்தில் ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருக்க, பிளக்ஸ் மையின் நெடியும் வாசலில் போட்டிருந்த ஈரச் சாக்கின் வாடையும் கலந்து, காலை வேளையிலேயே கடைக்குள் ஒரு இருட்டு வந்து உட்கார்ந்திருந்தது. அவன் மறுபடியும் கண்ட்ரோலைத் தொட்டான். பிப். யூபிஎஸ் இல்லை. அது ராக்கப்பனுடைய சத்தம்.

ராக்கப்பனுக்கு வலது கை மணிக்கட்டோடு முடிந்துவிட்டது. தேனிப் பக்கம் ஒரு பஞ்சு மில்லில், விதை பிரிக்கிற மெஷின் பிடுங்கிக்கொண்ட கை. மிச்சமிருந்த இடது கையால் அவர் டிசைன் கற்றுக்கொண்டார். கள்ள சிடியில் ஏற்றிய புரோகிராம்களுக்கு ரெய்டு வருகிறது என்று பயந்து முதலாளி வைகுண்டராஜ் கடைக் கம்ப்யூட்டர்களையெல்லாம் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸுக்கு மாற்றியபோது மற்ற டிசைனர்கள் முகம் சுளித்து விலகிப் போனார்கள். ராக்கப்பன் மட்டும் புதுவேட்டி கிடைத்தவர் மாதிரி சந்தோஷப்பட்டார். அதில் எந்தக் கட்டளையை எந்த விசைக்கு வேண்டுமானாலும் மாற்றி வைத்துக்கொள்ளலாம். பிரிண்ட், ஓப்பன், ஜூம் என்று கீபோர்டின் வலது பக்கம் கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக இடது பக்கத்துக்குக் குடிபெயர்த்தார். இரண்டு விசையைச் சேர்த்து அமுக்க முடியாத ஆளுக்கென்று அதில் இன்னொரு வசதியும் இருந்தது. கண்ட்ரோலை அழுத்திவிட்டு விரலை எடுத்துவிடலாம். கம்ப்யூட்டர் 'பிப்' என்று சொல்லி அதைப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த விசைக்காகக் காத்திருக்கும். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும்.

சசிதரன் இரண்டாவது டிசைனராக அங்கே வந்து சேர்ந்தான். திருவிழா முடிந்தால் ஒரு ஆள்தான் வேண்டும் என்று வைகுண்டராஜ் முதலிலேயே சொல்லிவிட்டார். சசிதரனின் மனைவி ராஜாத்திக்கு அப்போது நிறைமாதம். வயிற்றுப்பாடு என்று சொல்லிவிட்டால் எதையும் மன்னித்துவிடலாம் என்று சில பேருக்குத் தோன்றும். அவனுக்கும் அப்படித்தான் தோன்றியது.

வீரபாண்டித் திருவிழா பிளக்ஸ் வேலை மலையாகக் குவிந்திருந்த ஒரு மத்தியானம். ராக்கப்பன் டீ குடிக்க எழுந்து போனார். சசிதரன் அவருடைய கம்ப்யூட்டரில் ஷார்ட்கட் மாற்றுகிற பக்கத்தைத் திறந்து ஒரே ஒரு வரி சேர்த்தான். கண்ட்ரோல், அப்புறம் எஸ். ஊர் உலகத்துக்கெல்லாம் அது சேவ். அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் இனி அது டிசைன் புரோகிராமின் கழுத்தைத் திருகிவிடும். சேமிக்கவா, வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் மூடிவிடும்.

அன்றைக்கு நடந்ததைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தான். பிப், டக். திரை காலி. ராக்கப்பன் முதலிலிருந்து தொடங்குவார். சாமி படம் வைத்து, ஊர்ப் பெரிய மனிதர்களின் தலைகளை வரிசையாக ஒட்டி, பெயர்களைப் போட்டு, முக்கால்வாசி முடித்துப் பத்திரமாக வைக்கலாம் என்று நினைப்பார். பிப், டக். காலி. பேனருக்கு வந்தவர்கள் சத்தம் போட, முதலாளி முதுகுக்குப் பின்னால் வந்து நிற்க, மூன்றாம் முறையும் அப்படியே போனபோது அவர் தன் இடது கையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெரல் தப்பா விழுது மொதலாளி. என்னன்னே தெரியல."

"ஒத்தக் கைய வச்சுக்கிட்டு நீயும் என்னதேன் செய்வ? வேற பொழப்பப் பாரு ராக்கப்பா" என்றார் வைகுண்டராஜ்.

போகும்போது ராக்கப்பன் சசிதரனின் தோளைத் தொட்டார். "நல்லவேள தம்பி, நீ இருந்த. கடை மானத்தக் காப்பாத்திட்ட." அன்று சாயங்காலமே சசிதரன் அந்த வரியை அழித்தான். எல்லா ஷார்ட்கட்டையும் பழையபடி ஆக்கினான். பிப் சத்தத்தை நிறுத்தினான். இரண்டில் நல்ல கம்ப்யூட்டர் அதுதான் என்று அந்த நாற்காலிக்கே மாறியும் உட்கார்ந்தான். நான்காம் நாள் பெண் குழந்தை பிறந்தது. அதிர்ஷ்டக்காரி என்று எல்லோரும் சொன்னார்கள்.

அந்தச் சத்தம்தான் இன்றைக்குத் திரும்ப வந்திருக்கிறது. அவன் செட்டிங்ஸுக்குள் போய் அதை மறுபடி நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தான். உச்சிவேளைக்கு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நனைந்த சேலை, முந்தானைக்குள் பொத்திப் பிடித்த ஒரு போட்டோ. ராக்கப்பனின் மனைவி மாயக்காள்.

"தம்பி, அவுக போயிட்டாக. விடியக்காலம். போஸ்டர் அடிக்கணும்."

முதலாளி தேனிக்கு மை வாங்கப் போயிருந்தார். கடையில் அவனைத் தவிர யாரும் இல்லை. உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை. எங்கேயும் வேலை கிடைக்காமல் பழைய பஞ்சு மில்லுக்கே போனாராம். இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டார்களாம். அதே மெஷின். மிச்சமிருந்த கையையும் அது வாங்கிக்கொண்டுவிட்டது.

"ஆஸ்பத்திரில அம்புட்டும் வாயாலதேன் தம்பி. போர்வையப் பல்லால இழுத்துக்கிருவாக. டம்ளரக் கடிச்சுத் தூக்குவாக. முந்தாநேத்து எங்க புள்ளையத் தூக்கணும்னு கேட்டாக. கையில்லாம எப்பிடித் தூக்குவீகன்னு கேட்டுட்டேன், பாவி. குடுக்காமலே இருந்துட்டேன்."

சசிதரன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். "நான் எங்கன தப்புப் பண்ணேன், எங்கன தப்புப் பண்ணேன்னு சாகுற வரைக்கும் பொலம்புனாக. கடையில கூட இருந்தவன் நீதேன். நெசமாவே அவுக கைதேன் தப்பிருச்சா?"

அந்த ஒரு நிமிஷம் அவனுக்குக் கிடைத்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அடித்திருப்பாள், மண்ணை வாரித் தூற்றியிருப்பாள், வேலை போயிருக்கும். அதற்கு மேல் ஒன்றும் ஆகியிருக்காது. வீட்டில் தொட்டிலில் கிடக்கிற குழந்தையை நினைத்துக்கொண்டான்.

"ஆமாக்கா. அண்ணன் கைதான் தப்பிருச்சு."

பிப்.

அவன் கை மடியில் இருந்தது. கீபோர்டை யாரும் தொடவில்லை. மாயக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பச் சரி" என்றாள்.

போஸ்டரைச் செய்து முடித்துக் கண்ட்ரோலும் பி-யும் அழுத்தினான். பிரிண்ட் ஆகவில்லை. இன்னொரு தடவை. ஒன்றும் இல்லை. அவன் இடது கை தானாக நகர்ந்து, ராக்கப்பன் பிரிண்டுக்கு வைத்திருந்த பழைய விசையில் போய் விழுந்தது. உள்ளே மெஷின் கரகரவென்று ஓடத் தொடங்கியது. தாள் தாளாக ராக்கப்பனின் முகம் வெளியே வந்து தட்டில் விழுந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஷார்ட்கட்டெல்லாம் இடது பக்கம் வந்திருக்கும். தினமும் மாற்றினான். பாஸ்வேர்டு போட்டான். லினக்ஸையே அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான். புதிதாக ஏற்றிய கம்ப்யூட்டர் எழுந்து நின்றதும் செய்த முதல் காரியம் பிப் என்று சொன்னதுதான். கீபோர்டு கெட்டுவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு புதுக் கீபோர்டு வாங்கி மாட்டினான். மறுநாள் ஷட்டரைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தவனின் விரல் ஈரத்தில் பட்டது. கண்ட்ரோல் விசை நனைந்திருந்தது. எஸ் விசையும் நனைந்திருந்தது. அவை இரண்டு மட்டும்தான். நடுவில் இருந்த ஏ காய்ந்து கிடந்தது. மழை ஒழுகியிருக்குமோ என்று கூரையைப் பார்த்தான். கான்கிரீட் கூரை. விரலை மூக்கருகே கொண்டுபோனான். தூங்கி எழுந்த வாயின் வாடை.

விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தான். எஸ் என்ற எழுத்தின் மேல் பள்ளம் பள்ளமாகத் தடம் இருந்தது. மேலே இரண்டு. கீழ் விளிம்பில் இரண்டு.

"எலிடா" என்றார் வைகுண்டராஜ். "சாப்பிட்ட கையோட கீபோர்டத் தொட்டா எலி வராம என்ன வரும்? ஏலே சசி, மூஞ்சி ஏன் இப்பிடி வெளிறிக் கெடக்கு? புள்ள தூங்க விடலையா?"

அவன் சிரித்து வைத்தான். வலது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டிருந்தான். காலையிலிருந்து அந்தக் கையில் சுண்டுவிரல் இருப்பதாகவே தெரியவில்லை.

சுண்டுவிரலில் தொடங்கியது மோதிரவிரலுக்கு வந்தது. பிறகு கை முழுக்க. வலி கிடையாது. வலித்தாலாவது தன் கை என்று இருந்திருக்கும். டாக்டர் நரம்புச் சுளுக்கு என்று ஊசி போட்டார். ராஜாத்தி விளக்கெண்ணெய் சூடுபண்ணித் தேய்த்துவிட்டாள். "கம்ப்யூட்டரக் கட்டிக்கிட்டு அழுதா இப்பிடித்தேன். எண்ணெ சுடுதா பாருங்க" என்றாள். சூடு தெரியவில்லை. எண்ணெய் தெரியவில்லை. அவள் தேய்ப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அன்றைக்குக் குழந்தையை வாங்க இரண்டு கையையும் நீட்டினான். வலது கை பாதி வழியிலேயே தொங்கிவிட்டது. ராஜாத்தி வெடுக்கென்று குழந்தையை இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவனிடம் கொடுக்கவில்லை. தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

முதலாளிக்குத் தெரியாமல் இடது கையாலேயே வேலை பார்த்தான். எல்லா ஷார்ட்கட்டும் இடது பக்கம் இருந்தது வசதியாகப் போயிற்று. இப்போது அவற்றை அவன் மாற்றுவதில்லை. பிப், டக். பிப், டக். கேட்டுக் கேட்டு வைகுண்டராஜ் ஒருநாள் உள்ளேயிருந்து மறதியாக, "ராக்கப்பா, அந்தக் கல்யாண பேனர் முடிஞ்சதா?" என்று குரல் கொடுத்தார்.  

மாயக்காளிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. சொன்னால் முதலாளி காதுக்குப் போகும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். மறுநாளும் அதே நாளைக்கு.

அப்புறம் ஒரு சாயங்காலம் எந்த விசையும் வேலை செய்யவில்லை. மவுஸைப் பிடித்து ஷார்ட்கட் பக்கத்தைத் திறந்தான். பிரிண்ட்: முடக்கப்பட்டது. ஓப்பன்: முடக்கப்பட்டது. மேலிருந்து கீழே உருட்டினான். முடக்கப்பட்டது, முடக்கப்பட்டது, முடக்கப்பட்டது. வலது பக்கமும் இல்லை, இடது பக்கமும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் கை வைக்க இனி இடமே இல்லை. கடைசியில் ஒரே ஒரு வரி மட்டும் உயிரோடு இருந்தது. அவன் எழுதிய வரி. அவன் அழித்த வரி.

கண்ட்ரோல், எஸ்.

அழிக்கப் பார்த்தான். மவுஸ் நகரவில்லை. மவுஸ் நன்றாகத்தான் இருந்தது. அதன் மேல் கிடந்த அவன் இடது கைதான் நகரவில்லை.

கடையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தான். சைக்கிளை எடுக்க முடியாது. நடந்தான். சாரல். இரண்டு கையும் இரண்டு பக்கமும் நடைக்கு ஏற்றபடி ஆடின. சந்தைத் தெருவில் திராட்சை ஏற்றிய வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். ஒதுங்கினான். மூக்கில் வழிந்த தண்ணீரைத் துடைக்க முடியவில்லை. ராஜாத்தியிடம் இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும். ஆரம்பத்திலிருந்து.

வாசலிலேயே அவள் எதிர்ப்பட்டாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம்.

"நல்லவேள வந்தீக. கொழாய்ல தண்ணி வந்துருச்சு, இப்பப் போனாத்தேன் உண்டு. பாப்பா தூங்குது, பாத்துக்கிருங்க."

"ராஜாத்தி, ஒரு நிமிஷம்..."

"வந்து கேக்குறேன்."

போய்விட்டாள். கரண்ட்டும் போனது.

வீட்டுக்குள் சாம்பல் நிற வெளிச்சம். உத்தரத்தில் சேலைத் தொட்டில். அதற்குள் சின்ன மேடு. குழாயடியில் பெண்கள் சண்டை போடுவது கேட்டது. குடங்கள் ஒன்றோடு ஒன்று இடிக்கிற சத்தம். பால் வாடை. மண்ணெண்ணெய் வாடை. அவன் சுவரில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினான்.

குழந்தை இருமியது.

எட்டிப் பார்த்தான். கக்கியிருந்தது. முகம் தொட்டில் துணிக்குள் புரண்டு புதைந்திருந்தது. மறுபடி இருமல். இப்போது சத்தம் அடைத்துக்கொண்டு வந்தது.

"ராஜாத்தி!"

குழாயடிச் சண்டை அதை விழுங்கியது. வாசலுக்கு ஓடித் திரும்பினான். கூப்பிட்டு வருவதற்குள் என்ன ஆகுமோ. கையைத் தூக்கப் பார்த்தான். தோள்தான் ஏறியது. கை வரவில்லை. குழந்தையின் கால் உதைத்தது. பிறகு மெல்ல உதைத்தது. பிறகு நின்றது.

யோசிக்கவில்லை. குனிந்தான். தொட்டிலுக்குள் தலையை விட்டான். குழந்தையைச் சுற்றியிருந்த பழைய வேட்டித் துணியின் முடிச்சைப் பல்லில் கவ்வினான். இழுத்தான். நிமிர்ந்தான்.

குழந்தை வெளியே வந்தது. தொங்கியது. கக்கலைத் துப்பி, மூச்சை இழுத்து, வீலென்று ஒரு அழுகை. அவன் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பிழைத்துவிட்டது. அவன் பிள்ளையை அவனே தூக்கிவிட்டான். கையில்லாமல்.

இனி கீழே விட வேண்டும். பாய் அறையின் அந்த மூலையில் இருந்தது. குழந்தை மெல்ல ஆடியது, அவன் முகத்துக்குக் கீழே. அழுகையை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தது. அவன் எச்சில் ஒன்று அதன் கன்னத்தில் விழுந்தது. சிரித்தது.

ஒரு அடி வைத்தான்.

பிப்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. கரண்ட் இல்லை. சத்தம் காதில் கேட்கவில்லை. கடைவாய்ப் பல்லுக்குள் கேட்டது.

நின்றான். அது காத்திருக்கும். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். அடுத்த விசை எது என்று அவனுக்குத் தெரியும். கேட்காது. சேமிக்கவா, வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேட்காது.

உதட்டோரம் மரத்துக்கொண்டு வந்தது. வலி இல்லை.

வாசலில் குடம் இறக்கிய சத்தம்.

"ஏங்க, பாப்பா முழிச்சிருச்சா?"

துணி நூலளவு நழுவியது. கடித்தான். கடிக்கிறோம் என்று நினைத்தான். பல் இருக்கிற இடம் தெரியவில்லை.

"என்னங்க, கேக்குறேன்ல?" ராஜாத்தியின் குரல் நடைக்குள் வந்துவிட்டது. "வாயத் தெறந்து பதில் சொன்னாத்தேன் என்ன?"

குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தபடியே தொங்கியது. அதன் கண்ணுக்கு நேர் மேலே, அவன் தாடை மெல்ல இறங்கத் தொடங்கியது.